கொடைக்கானலுக்குப் போன நீல வட்டங்கள்

அன்று காலை கன்னிவாடி பஸ் நிறுத்தத்தில் நாங்கள் நான்கு பேர் நின்றோம்: நான், என் மகள் செல்வி, தூக்குச் சட்டியில் எலுமிச்சம் சோறு கொண்டுவந்த என் வீட்டுக்காரி, மொபெட்டில் மூச்சிரைக்க வந்து இறங்கிய ஃப்ளெக்ஸ் கடைப் பாண்டி. பாண்டியின் தோளில் ஒரு பிளாஸ்டிக் குழாய் இருந்தது. வீட்டுக்குத் தண்ணீர் இழுக்கப் பதிப்பார்களே, அந்தக் குழாய்தான். அதை இடுப்பு உயரத்துக்கு அறுத்து, இரண்டு வாயையும் பாலித்தீன் தாளால் மூடி ரப்பர் பேண்டு போட்டிருந்தான்.

"உள்ள பத்திரமா சுருட்டி வச்சிருக்கேண்ணே. இப்பப் பிரிக்காதீங்க, மடிப்பு விழுந்துரும். மேல போயிப் பிரிச்சுக்கங்க," என்றான்.

நான் எதையும் பிரித்துப் பார்க்காமல் வாங்குகிற ஆள் இல்லை. விசேஷ வீடுகளுக்குப் பாத்திரமும் நாற்காலியும் வாடகைக்கு விடுகிற கடை என்னுடையது. ஒரு ஜல்லிக் கரண்டி திரும்பி வந்தால்கூட அதே கரண்டிதானா என்று திருப்பிப் பார்த்துத்தான் உள்ளே வைப்பேன். ஆனால் அதற்குள் பஸ் வந்துவிட்டது. பின்னால் நின்றவர்கள் "ஏறுங்க, வெரசா ஏறுங்க" என்று முதுகில் தள்ளினார்கள். நானும் செல்வியும் ஏறிவிட்டோம்.

இது நடந்தது இரண்டாயிரத்து எட்டில். சீசன் கூட்டம் இறங்கிப்போய் மலையில் மழை பிடித்திருந்த நேரம். செல்வி அப்போது மதுரையில் ஒரு ஆராய்ச்சிக் கூடத்தில் உதவியாளராக இருந்தாள். கண்ணுக்குத் தெரியாத ஒட்டுண்ணிக் கிருமிகளைப் பற்றிய வேலை. அந்த மாதத்தோடு அந்த வேலை முடிகிறது. அவளை வைத்திருந்த பேராசிரியர் ஓய்வு பெறுகிறார். கொடைக்கானலில் ஒரு நாள் விஞ்ஞானிகள் கூட்டம். அங்கே அவள் தன் வேலையை ஒரு பெரிய படமாகச் சுவரில் மாட்ட வேண்டும். வடக்கே இருந்து ஒரு அம்மா வருகிறார், அவருக்குப் பிடித்திருந்தால் தன்னிடம் டாக்டர் பட்டத்துக்குச் சேர்த்துக்கொள்வார். பிடிக்காவிட்டால், திண்டுக்கல் நூல் மில்லில் பஞ்சு சோதிக்கிற வேலை. அந்த மில் மேனேஜரிடம் நான் முன்னாலேயே சொல்லி வைத்திருந்தேன். செல்விக்கு அது பிடிக்கவில்லை என்று தெரியும். இருந்தாலும் எனக்கு ஒன்று தவறினால் இன்னொன்று கையில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் தூக்கம் வராது.

பஸ்ஸில் அந்தக் குழாயை முழங்காலுக்கு நடுவே நிறுத்தி இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். கண்டக்டர் ஒரு பார்வை பார்த்தார்.

"என்னங்க, மலையில போர் போடப் போறீங்களா?"

"இல்லங்க, உள்ள படம்."

"யாரு படம்?"

நான் செல்வியைப் பார்த்தேன். அவள் ஜன்னல் பக்கம் திரும்பிச் சிரித்துக்கொண்டிருந்தாள். "கிருமி படம்ங்க," என்றேன்.

"கிருமிக்கெல்லாமா இப்ப போஸ்டர் அடிக்கிறீங்க?" என்றார் கண்டக்டர். பஸ்ஸே சிரித்தது. அதற்குப் பிறகு வளைவு தொடங்கிவிட்டது. யாரும் சிரிக்கவில்லை. எனக்கு முன் சீட்டில் ஒரு புது மாப்பிள்ளை, பாவம், பெண்டாட்டி தோளைத் தட்டிக் கொடுத்துக்கொண்டே வந்தவர் தானே எழுந்து ஜன்னலுக்கு ஓடினார். பாதி மலையில் இன்ஜின் கொதித்து வண்டி நின்றது. டிரைவர் இறங்கி ஓடைத் தண்ணீர் பிடித்து ஊற்றினார். நாங்களும் இறங்கி எலுமிச்சம் சோற்றைச் சாப்பிட்டோம். கீழே எங்கள் ஊர் வெயிலில் வெள்ளையாகக் கிடந்தது. இங்கே கை விறைத்தது. ஒரே சட்டையோடு இரண்டு நாட்டுக்குள் நிற்கிற மாதிரி இருந்தது.

எனக்கு அந்தக் குளிர் புதிது இல்லை. நான் பிறந்தது சிலோனில் ஒரு தேயிலைத் தோட்டத்தில். சின்ன வயதில் கப்பலேற்றி அனுப்பிவிட்டார்கள். மண்டபத்து முகாமில் கொஞ்ச நாள், பிறகு இந்த மலையில் மரம் நடுகிற வேலைக்கு என் அப்பா அம்மாவைக் கொண்டுவந்து விட்டார்கள். ஆறாவது வரை இங்கேதான் படித்தேன். பிறகு கீழே இறங்கி ஒரு சமையல்காரரோடு பாத்திரம் கழுவப் போனேன், கன்னிவாடிக்காரனாகவே ஆகிவிட்டேன். வண்டி மறுபடி கிளம்பி, யூகலிப்டஸ் வாடை ஜன்னல் வழியே வந்தபோது, என்னை அறியாமல் கையை அக்குளில் சொருகிக்கொண்டேன். சின்னப் பிள்ளையில் அப்படித்தான் பள்ளிக்கூடம் போவேன்.

என் அக்கா பாக்கியம் கொடைக்கானலுக்குச் சற்றுக் கீழே செண்பகனூரில் இருக்கிறாள். ஒரு விருந்தினர் விடுதியில் சமையல் வேலை. நாங்கள் போய்ச் சேர்ந்தபோது வாசலில் குடை பிடித்து நின்றாள்.

"ஏலே, என்னத்துக்குடா கொழாயி? என் வீட்ல பைப்பு ஒடஞ்சிருக்குன்னு யாரு சொன்னா?"

உள்ளே போனதும் தேத்தண்ணி கொடுத்தாள். இத்தனை வருஷம் கழித்தும் அக்கா டீ என்று சொல்வதில்லை. தேத்தண்ணிதான். வெறும் சாயம், கையில் ஒரு துண்டு கருப்பட்டி. கோதுமை ரொட்டியைக் கனமாகத் தட்டி, தேங்காயும் மிளகாயும் இடித்த சம்பல் வைத்தாள். பக்கத்து வீட்டுக்காரர் பூண்டி கிராமத்திலிருந்து கொண்டுவந்த மலைப்பூண்டில் ஒரு ரசம். கீழே நாங்கள் வாங்குகிற பூண்டு பத்துப் பல் போட்டாலும் இந்த ஒரு பல்லுக்கு ஆகாது. என் அம்மா ரொட்டி தட்டும்போது வளையலில் ஒரு மாதிரி சத்தம் கேட்கும். அக்காவுக்கும் அதே சத்தம். நான் இரண்டு ரொட்டி அதிகம் சாப்பிட்டேன்.

மழை விட்ட நேரம் பார்த்து, நாங்கள் முன்பு குடியிருந்த லயத்தைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று கிளம்பினேன். லயம் என்றால் ஒரே கூரையின் கீழே வரிசையாக ஒட்டிக் கட்டிய ஒற்றை அறைகள். அக்காவும் செல்வியும் கூட வந்தார்கள். பாதை எனக்கு ஞாபகம் இருந்தது. ஆனால் லயம் இல்லை. ரோஜா நிறத்தில் பெயின்ட் அடித்து, முன்னால் ஊஞ்சல் போட்டு, டூரிஸ்டுகள் தங்குகிற சின்னச் சின்ன காட்டேஜ்தான் இருந்தது. மேலே போய்த் தேடினேன், கீழே இறங்கித் தேடினேன்.

"இடிச்சுட்டாய்ங்க போலக்கா," என்றேன்.

அக்கா இடுப்பில் கை வைத்துக்கொண்டாள். "ஏலே, நீ நிக்கிறதே நம்ம வீட்டு வாசல்லதான். செவுத்தப் பாரு. கல்லு அதே கல்லு. பெயின்ட் அடிச்சுட்டா ஒனக்குத் தெரியாதா?"

தொட்டுப் பார்த்தேன். அதே கல்தான். இப்போது ஊஞ்சல் தொங்குகிற இடத்தில்தான் அப்போது எங்கள் அடுப்பு இருந்தது. செல்வி என்னைத் தனியே விட்டுத் தள்ளி நின்றாள். உள்ளேயிருந்து காட்டேஜ் காவல்காரர் எட்டிப் பார்த்து ரூம் வேண்டுமா என்று கேட்டார். வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தோம்.

வீட்டுக்குத் திரும்பியதும் அக்கா செல்வியைப் பிடித்துக்கொண்டாள். "அப்படி என்னத்தத்தான் படிக்கிற? ஒங்கப்பனக் கேட்டா பூச்சிங்கிறான், புழுங்கிறான்."

செல்வி சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். "பூச்சி இல்லத்தே. ஒடம்பு மொத்தமும் ஒரே ஒரு செல்லு. மலேரியாக் காய்ச்சல் வருதுல்ல, அந்தக் கிருமி. வயித்தால போகுதுல்ல, அந்த அமீபா. அந்த மாதிரி ஆளுக."

"சரி."

"எந்தச் செல்லா இருந்தாலும், சாப்பாடு கெடைக்காமப் போச்சுன்னா, தன் உள்ள கெடக்குற பழசு, பட்டை, ஒடஞ்சது எல்லாத்தையும் ஒரு பைல சுத்திக் கட்டி, கரைச்சு, அதையே சாப்பாடா எடுத்துக்கிட்டு நாள ஓட்டும். தன்னைத்தானே தின்னுக்கிறது."

"கருமம்," என்றாள் அக்கா. "வெளக்கு வைக்கிற நேரத்துல பேசுற பேச்சா இது?"

"நம்ம ஒடம்புக்குள்ளயும் இப்ப நடக்குதுத்தே. நடக்காட்டித்தான் சீக்கு. அந்தப் பை கட்டுறதுக்கு ஒரு செட்டு புரோட்டீன் வேணும். ரொட்டி பொங்குறதுக்குப் போடுற ஈஸ்ட்ல முழுச் செட்டும் இருக்கு. நமக்கும் இருக்கு. அப்படின்னா ரொம்ப ரொம்ப ஆதி காலத்துல, எல்லாருக்கும் பொதுவா இருந்த ஒரு செல்லுலயே அந்தச் செட்டு இருந்துருக்கணும். ஆனா இந்த ஒட்டுண்ணிங்க அடுத்தவன் ஒடம்புலயே குடியிருந்து குடியிருந்து, செட்டுல ஒவ்வொண்ணா தொலைச்சிருக்கு. ஒவ்வொரு கிருமியும் எதைத் தொலைச்சிருக்கு, எத வச்சிருக்குன்னு தேடுறதுதான் என் சோலி."

"ஓசில சோறு கெடைக்கிறவனுக்கு அடுப்பு எதுக்கு?" என்றாள் அக்கா.

செல்வி கை தட்டிச் சிரித்தாள். "அதேதான்! ஆனா மலேரியாக் கிருமி அடுப்பத் தொலைச்சுட்டு, அகப்பைய மட்டும் வச்சிருக்கு. எதுக்குன்னு தெரியல."

எதற்கு என்று அப்போது யாருக்கும் சரியாகத் தெரியாதாம். பிற்பாடு, அந்தக் கிருமிக்குள் இருக்கிற ஒரு சின்ன அறையைப் பராமரிக்க வைத்திருக்கிறது என்று கண்டுபிடித்தார்களாம். எப்போதோ முழுங்கிய ஒரு பாசியின் மிச்சம் அந்த அறை. இதைச் செல்வி பல வருஷம் கழித்து போனில் சொன்னாள். நான் எனக்குப் புரிந்த அளவுக்கு எழுதுகிறேன். வாடகைக்குப் போன பாத்திரம் குறைந்து வருகிற மாதிரியா என்று ஒரு தரம் கேட்டேன். "ஆமாப்பா, ஆனா எது கொறஞ்சிருக்குன்னு பாத்தா, அது என்ன பொழப்பு பொழைக்குதுன்னு தெரியும்," என்றாள்.

"எங்க, அந்தப் படத்தத்தான் காட்டேன்," என்றாள் அக்கா.

குழாயிலிருந்து உருவிக் கட்டிலில் விரித்தோம். பளபளவென்று நன்றாகத்தான் இருந்தது. இடது பக்கம் வரிசையாகக் கிருமிகளின் பெயர். மேலே புரோட்டீன்களின் பெயர். நடுவே சின்னச் சின்ன நீல வட்டங்கள், ரூபாய்க் காசு அளவில். எல்லா மூலையிலும் பாண்டி ஒரு ரோஜாப்பூ வைத்திருந்தான். செல்வி அதைத்தான் பார்க்கிறாள் என்று நினைத்தேன். ஆனால் அவள் முகம் வெளுத்துவிட்டது.

"அப்பா. எல்லாம் நீலமா இருக்கு."

"நல்லாத்தானம்மா இருக்கு?"

"அப்பா, நீலம்னா இருக்குன்னு அர்த்தம். வெள்ளைன்னா இல்லைன்னு அர்த்தம். ஒரு வெள்ள வட்டம்கூட இல்லப்பா. ஒண்ணுகூட."

எனக்குக் கொஞ்சம் நேரம் பிடித்தது. அவள் இரண்டு வருஷம் தேடிக் கண்டுபிடித்ததே அந்த வெள்ளை வட்டங்களைத்தான். கீழே எழுத்தில் 'மலேரியாக் கிருமி பெரும்பாலானவற்றை இழந்துவிட்டது' என்று இருக்கிறது, மேலே படத்தில் எதையும் இழக்கவில்லை. பார்ப்பவர்கள் சிரித்துவிட்டுப் போவார்கள்.

என் செல்போனில் சிக்னல் வாசலில் ஒரு இடத்தில்தான் கிடைத்தது. ஒற்றைக் காலில் நின்று பாண்டியைக் கூப்பிட்டேன்.

"அதாண்ணே, நானே சொல்லணும்னு இருந்தேன்," என்றான் சந்தோஷமாக. "நீங்க குடுத்த சிடில பாதி வட்டம் காலியாக் கெடந்துச்சு. கலர் விட்டுப்போச்சு போலன்னு நானே ஒக்காந்து ஒவ்வொண்ணா ரொப்புனேண்ணே. கண்ணு பூத்துப்போச்சு. நம்ம பாப்பா விஷயம், மொட்டையா இருக்கக் கூடாதுல்ல?"

அவனைத் திட்ட வாய் வரவில்லை. அவன் தொழிலில் காலி வட்டம் என்றால் போட்டோ வராத வட்டம். காது குத்துக்குப் பேனர் அடிக்கும்போது ஒரு மாமன் படம் வரவில்லை என்றால் சண்டை வரும். அதனால் எதையாவது வைத்து நிரப்பிவிடுவான். பூ, விளக்கு, கை கூப்புகிற படம். காலியாக விட்டால் அவன் கடைக்குக் கெட்ட பெயர்.

"மறுபடி அடிச்சுத் தர முடியுமாடா?"

"அடிச்சுருவேண்ணே. ஆனா நாளைக்கி மத்தியானத்துக்குள்ள மேல எப்பிடி வரும்? காலைல இருந்து இங்க கரண்டும் இல்லண்ணே."

மறுநாள் மத்தியானம்தான் படத்தை மாட்ட வேண்டும். கொடைக்கானலில் அவ்வளவு பெரிதாக அச்சடிக்க இடம் இல்லை என்று அக்கா சொன்னாள். நான் மில் மேனேஜரை நினைத்துக்கொண்டேன். வெளியே சொல்லவில்லை. ஆனால் செல்விக்குத் தெரிந்துவிட்டது போல. "நீங்க மில்லப் பத்தி யோசிக்காதீங்கப்பா," என்றாள்.

வெள்ளனே எழுந்து டவுன் பஸ் பிடித்து பஜாருக்குப் போனோம். அக்கா வேலைக்குப் போய்விட்டாள். ரோடெல்லாம் பேரிக்காய்த் தோலும் மழைத் தண்ணீரும். நான் பள்ளிக்கூடம் போன நாளில் இந்த பஜாரில் கம்பளி போர்த்திய வெள்ளைக்காரப் பாதிரியார்கள் நடந்து போவார்கள். இப்போது திரும்பிய பக்கமெல்லாம் ஹோம்மேட் சாக்லேட் போர்டு. முதலில் ஒரு கடையில் வெள்ளைத் தாள் வாங்கி, பாட்டில் மூடியை வைத்து வட்டம் வெட்டி ஒட்டிப் பார்த்தோம். ஈரக் காற்றில் தாள் நாய்க் காது மாதிரி மடங்கி விழுந்தது.

பிறகுதான் ஒரு ராவுத்தர் கடை. வளையல், பவுடர், ரிப்பன், பிளாஸ்டிக் பூ விற்கிற ஃபேன்சி ஸ்டோர். கல்லாவில் கம்பளிக் குல்லாய் போட்ட பாய். ஒட்டுகிற வெள்ளைப் பொட்டு இருக்கிறதா என்று கேட்டேன். அவர் என்னைப் பார்த்தார், செல்வியைப் பார்த்தார்.

"வெள்ளப் பொட்டா? நல்ல காரியம் எதுவும் இல்லியே?"

"இல்ல பாய், கிருமிக்கு," என்று நான் சொல்ல, செல்வி என் கையைப் பிடித்து இழுத்து நிறுத்திவிட்டு விஷயத்தை விளக்கினாள். பாய் குழாயிலிருந்து படத்தைக் கொஞ்சம் உருவிப் பார்த்தார். விரலால் தேய்த்தார்.

"ஃப்ளெக்ஸ்ஸா? எதுக்கு ஒட்டுறீங்க? அழிச்சுரலாம்ல. போன வருஷம் என் கடை போர்டுல எவனோ பையன் என் மொகத்துக்கு மீசை வரஞ்சுட்டான். நகப் பாலிஷ் அழிக்கிற தண்ணிய வச்சுத் தொடச்சேன்." ஒரு நிமிடம் யோசித்தார். "மீசை போச்சு. கூடவே மூக்கும் போச்சு. பாத்துத் தொடச்சீங்கன்னா சரி."

கடைக்குள்ளேயே பெஞ்சில் விரிக்க இடம் கொடுத்தார். செல்வி பஞ்சைச் சின்னதாகச் சுருட்டி அந்தத் தண்ணீரில் தொட்டு, ஒரு ரோஜாப்பூவின் மேல் வைத்துத் தேய்த்தாள். ரோஜா கரைந்தது. எங்கள் மூன்று பேர் முகமும் மலர்ந்தது. கடை முழுக்க பியூட்டி பார்லர் வாடை.

ஆனால் எதை அழிப்பது? அவள் வேலை செய்த கம்ப்யூட்டர் மதுரையில். சிடி பாண்டியிடம்; அவனைக் கூப்பிட்டால் அங்கே இன்னும் கரண்டு வரவில்லை. ஞாபகம் ஒன்றுதான். செல்வி கண்ணை மூடிக்கொண்டு ஒவ்வொரு வரிசையாகச் சொல்லிப் பார்த்தாள். மலேரியா வரிசையில் கை நிற்கவில்லை, அழித்துக்கொண்டே போனாள். காலா அசார் காய்ச்சல் கிருமிக்கு அதிகம் அழிக்க வேண்டியிருக்கவில்லை. நான் பஞ்சு சுருட்டிக் கொடுத்தேன். துடைக்க மட்டும் என்னை விடவில்லை. அழித்த இடத்தில் பாட்டில் மூடியை வைத்துப் பேனாவால் ஓரம் வரைந்தாள். எவ்வளவு துடைத்தாலும் மேகம் மாதிரி ஒரு வெளிர் நீலம் மிச்சம் நின்றது. வளையல் வாங்க வந்த பெண்கள் நின்று பார்த்துவிட்டு, "என்ன கோலம்க்கா இது?" என்று கேட்டுப் போனார்கள்.

கடைசி வரிசையில் ஒரு வட்டத்தில் அவள் கை நின்றுவிட்டது.

"இது ஞாபகம் இல்லப்பா. ஒரு தடவ தேடுனேன், கெடைக்கல. அப்புறம் வேற முறையில தேடுனேன். அதுல என்ன வந்துச்சுன்னு…"

"எதாவது ஒண்ணு போடும்மா. யாருக்குத் தெரியப் போகுது?"

"எனக்குத் தெரியும்ல?"

"இவ்வளவு வட்டத்துல ஒண்ணு. அந்தம்மா இதத்தான் பாக்கப் போறாங்களா? நேரமாச்சும்மா."

"பாண்டியண்ணனும் இதத்தாம்ப்பா செஞ்சாரு," என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. எனக்குத்தான் சுருக்கென்றது. அந்த வட்டத்தைப் பாதி அழித்து, நடுவே ஒரு கேள்விக்குறி போட்டாள். பாய் எட்டிப் பார்த்து, "ஹூக்கு மாதிரி அழகாத்தான் இருக்கு," என்றார்.

கூட்டம் நடந்தது ஒரு பழைய கல் கட்டடத்தில். உள்ளே போக எனக்கு அட்டை இல்லை; கதவோரம் நின்றுகொள்ளச் சொன்னார்கள். அங்கிருந்து செல்வியின் படம் தெரிந்தது. சுற்றிலும் மற்றவர்களுடைய படங்கள் மொழுமொழுவென்று இருந்தன. எங்களுடையது மட்டும் சோப்புப் போட்டுத் துவைத்து எடுத்த மாதிரி. மூலையில் ஒரு ரோஜாவை அழிக்க மறந்திருந்தோம். மூடுபனி ஜன்னல் வழியாக உள்ளே வந்து மேசைக்கடியில் உட்கார்ந்துகொண்டது. மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு அந்த அம்மா வந்தார். குட்டை முடி, கழுத்தில் கண்ணாடி, காலில் கேன்வாஸ் ஷூ. அவர்கள் பேசியது இங்கிலீஷ். செல்வி பிறகு சொன்னதை வைத்து எழுதுகிறேன்.

முதலில் அவர் காற்றை மோந்து பார்த்தாராம். "யார் இங்கே நகச் சாயம் அழித்தது?"

செல்வி எதையும் மறைக்கவில்லை. ஃப்ளெக்ஸ் கடை, பாண்டி, பாய் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். அந்த அம்மா சத்தமாகச் சிரித்தார். நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள். கதவோரம் நின்ற எனக்கு, என் மகளைப் பார்த்துச் சிரிக்கிறார்கள் என்பது மட்டும்தான் தெரிந்தது.

சிரிப்பு சட்டென்று நின்றது. "அப்படியானால் நீ சரியான வட்டங்களைத்தான் அழித்திருக்கிறாய் என்று நான் எப்படி நம்புவது?" என்றார்.

"எந்த வட்டத்தை வேண்டுமானாலும் கேளுங்கள்," என்றிருக்கிறாள் இவள்.

அவரும் கேட்டார். சும்மா இல்லை. விரலை வைத்து, வைத்து, வரிசை வரிசையாக. எதை வைத்துத் தேடினாய், எவ்வளவு ஒத்துப்போனது, ஏன் இதை ஏற்றாய், ஏன் அதை விட்டாய். செல்வி பதில் சொல்லச் சொல்ல அவர் தலையை இப்படியும் அப்படியும் ஆட்டினார். இல்லை என்கிறாரா ஆமாம் என்கிறாரா என்று எனக்கு விளங்கவில்லை. ஈஸ்ட்டின் புரோட்டீன் எழுத்து வரிசையை வைத்துக்கொண்டு கிருமியின் எழுத்துக்களுக்குள் அதே மாதிரி இருக்கிறதா என்று கம்ப்யூட்டரில் தேடுவார்களாம். செல்வி தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. நான் போய்க் கொடுக்கலாமா என்று பார்த்தேன், அட்டை இல்லை.

கேள்விக்குறிக்கு வந்தார்.

"இது?"

"ஞாபகம் இல்லை, மேடம். மதுரை போய்ப் பார்த்துத்தான் சொல்ல முடியும்."

"கிடைக்கவில்லை என்றுதான் வைத்துக்கொள்வோம். கிடைக்காவிட்டால் இல்லை என்று அர்த்தமா?"

செல்வி கொஞ்சம் யோசித்திருக்கிறாள். "அப்படி அர்த்தம் இல்லை, மேடம். அவ்வளவு காலத்தில் எழுத்து மாறிப்போயிருந்தால், எதிரிலேயே இருந்தாலும் நான் தேடுகிற முறைக்கு அடையாளம் தெரியாது. நேற்று என் அப்பா தன் வீட்டு வாசலிலேயே நின்றுகொண்டு வீட்டைத் தேடினார்."

அந்த அம்மா திரும்பிக் கதவைப் பார்த்தார். நேராக என்னை. நான் பதறிப்போய்க் கும்பிட்டுவிட்டேன். அவர் பதிலுக்குக் கும்பிடாமல், கையில் இருந்த தாளில் ஏதோ கிறுக்கிக்கொண்டு அடுத்த படத்துக்குப் போய்விட்டார். அவ்வளவுதான். அன்று பொழுது சாயும் வரை இவள் பக்கம் திரும்பவே இல்லை.

வெளியே வந்து ஒரு தள்ளுவண்டியில் பிரெட் ஆம்லெட் வாங்கிக் கொடுத்தேன். பாதியை வைத்துவிட்டாள். "என்னம்மா, நான் ஏன் கும்பிட்டேன்னு கோவமா?" என்று கேட்டேன். "இல்லப்பா. நான் உளறிட்டேன் போல," என்றாள். நான் மில்லைப் பற்றிப் பேசக் கூடாது என்று நாக்கைக் கடித்துக்கொண்டேன். பேசியிருந்தால் அன்றைக்கு அவள் சரி என்று சொல்லியிருப்பாள். அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

மறுநாள் காலை அக்கா கட்டிக் கொடுத்த ரொட்டியோடு செண்பகனூரில் பஸ்ஸுக்கு நின்றோம். மழை தூறியது. அக்கா, "பாஸாயிட்டாளாலே?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். நான் "பரீட்சை இல்லக்கா" என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். அப்போது மேலிருந்து இறங்கிய ஒரு டாக்ஸி எங்களைத் தாண்டிப் போய், நின்று, பின்னால் வந்தது. கண்ணாடி இறங்கியது. குட்டை முடி. செல்வி ஓடினாள். இரண்டு மூன்று வார்த்தைதான் பேசியிருப்பார்கள். கண்ணாடி ஏறியது. வண்டி போய்விட்டது.

செல்வி அங்கேயே தூறலில் நின்றாள்.

"என்னம்மா சொன்னாங்க?"

"அந்தக் கேள்விக்குறி என்ன ஆச்சுன்னு பாத்து மெயில் போடச் சொன்னாங்க."

"போட்டா?"

"எதுவா இருந்தாலும் சரி, ஒண்ணாந் தேதி பெட்டிய எடுத்துக்கிட்டு வந்து சேரச் சொன்னாங்கப்பா."

அக்கா அவளைக் கட்டிப் பிடித்துக்கொண்டு அழுதாள். என்ன ஏது என்று அக்காவுக்கு விளங்கவில்லை; அழுதுவிட்டுத்தான் கேட்டாள். பஸ் வந்தது. வழக்கம்போல உட்கார்ந்ததுமே எனக்குத் தொடங்கிவிட்டது. அங்கே சோறு கிடைக்குமா, ரொட்டிதானா? ரயிலில் தனியாக எப்படிப் போவாய்? அந்த ஊர் பேச்சு தெரியாதே? காய்ச்சல் வந்தால் யார் பார்ப்பார்கள்? ஹாஸ்டலில் பூட்டு நல்ல பூட்டா, திண்டுக்கல்லில் ஒன்று வாங்கிக்கொண்டு போகலாமா? வளைவுக்கு ஒரு கேள்வி. அவளும் பொறுமையாக ஒவ்வொன்றுக்கும் பதில் சொல்லிக்கொண்டே வந்தாள். காதில் அடைப்பு விட்டு, வெயில் முகத்தில் அடிக்கத் தொடங்கியபோது, என் தோளில் தலையைச் சாய்த்துத் தூங்கிவிட்டாள்.

அப்புறம்தான் தோன்றியது, திரும்பி எப்போது வருவாய் என்று மட்டும் கேட்கவில்லை. எழுப்பிக் கேட்கலாமா என்று குனிந்து பார்த்தேன். வாயைத் திறந்துகொண்டு, சின்னப் பிள்ளை மாதிரி தூங்கினாள். பஸ் குலுங்கும்போதெல்லாம் தலை விழாமல் தோளைத் தூக்கி வைத்துக்கொண்டேன்.